காணாமல் போன மலர்வளையம்

நேயர்களுக்கு வணக்கம். பெர்லினுக்கு வடக்கே ரயிலில் போனால் ஃபூர்ஸ்டன்பெர்க் என்ற சிற்றூர் வரும். ஏரிக்கரை ஊர். அதை ஒட்டியதுதான் ராவன்ஸ்புரூக். நாஜிகள் பெண்களுக்கென்று நடத்திய மிகப் பெரிய வதைமுகாம் அங்கே இருந்தது. 1939 முதல் 1945 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களை அதில் அடைத்தார்கள். பிற்பாடு கிழக்கு ஜெர்மனி அரசு அதை நினைவிடமாக்கியது.

1984 மார்ச்சில் கிழக்கு பெர்லினிலிருந்து சில பெண்கள் அங்கே போனார்கள். முகாமில் வதைபட்ட லெஸ்பியன் பெண்களின் நினைவாக ஒரு மலர்வளையம் வைத்தார்கள். எதற்காக வந்தோம் என்பதை வருகைப் பதிவேட்டிலும் எழுதினார்கள். கொஞ்ச நாளில் வளையத்தையும் காணோம், எழுதியதையும் காணோம்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், முகாம் விடுவிக்கப்பட்டதன் நாற்பதாம் ஆண்டு விழாவுக்குப் பதினொரு பெண்கள் மறுபடியும் கிளம்பினார்கள். ஃபூர்ஸ்டன்பெர்க்கில் போலீஸ் அவர்களை மடக்கி லாரியில் ஏற்றியது. முகாம் வாசலை அவர்கள் மிதிக்கவே இல்லை.

இத்தனைக்கும் பெண் சமத்துவத்தைச் சொல்லி மார்தட்டிய நாடு அது. வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. எண்பதுகளில் அங்கே பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். பிள்ளைகளை விட்டுச் செல்லக் காப்பகங்கள் இருந்தன. முதல் பன்னிரண்டு வாரங்களில் கருக்கலைப்பு செய்துகொள்ளும் உரிமை 1972-லேயே வந்துவிட்டது. ஆனால் அரசு மனத்தில் வைத்திருந்த பெண் உழைப்பாளி, மனைவி, தாய், அவ்வளவுதான். வீடு ஒதுக்கும்போதுகூட மணமானவர்களுக்குத்தான் முன்னுரிமை. இன்னொரு பெண்ணோடு வாழ விரும்புகிறவள் எந்த வரிசையில் போய் நிற்பாள்? இந்தப் பெண்கள் கூடிப் பேச இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? தேவாலயத்தில். அரசின் பிடி சற்றுத் தளர்ந்திருந்த இடம் அது ஒன்றுதான். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரே 'தேவாலயத்தில் லெஸ்பியன்கள்' என்பதுதான்.

1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. இனி வளையம் வைக்கத் தடை இராது என்றுதான் நாம் நினைப்போம். இப்போது வேறொரு வாதம் வந்தது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய, நாஜிகள் கடுமையாக்கிய 175-ஆம் சட்டப்பிரிவு ஆண்களை மட்டுமே தண்டித்தது. எதற்காக அடைத்தார்கள் என்று காட்ட முகாம் கைதிகளின் உடையில் தைத்த அடையாளங்களில், இளஞ்சிவப்பு முக்கோணமும் அவர்களுக்குத்தான். லெஸ்பியன் என்பதற்கென்று தனிக் குறியீடு எதுவும் இல்லை. ஆகவே லெஸ்பியன் என்பதற்காக யாரும் துன்புறுத்தப்படவில்லை என்றார்கள், தனி நினைவுச்சின்னத்தை எதிர்த்தவர்கள். எனக்கு இது விளங்கவே இல்லை. லெஸ்பியன் பெண்களில் சிலரைச் 'சமூக விரோதி' என்று எழுதிக் கறுப்பு முக்கோணம் குத்தி உள்ளே தள்ளினார்கள். பிடித்தவன் தாளில் எழுதிய காரணத்தையே வரலாறும் அப்படியே நம்ப வேண்டுமா?

2015-இல் பெண்ணியக் குழுவினர் சிலர் அனுமதி பெறாமலே களிமண்ணால் ஒரு நினைவு உருண்டை செய்து முகாமில் வைத்தார்கள். அது அகற்றப்பட்டது. வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் 2022 மே மாதம், அனுமதியோடு, நினைவு உருண்டை அங்கே இடம்பெற்றது. லாரியில் ஏற்றப்பட்ட அந்த நாளிலிருந்து எண்ணினால் 37 ஆண்டுகள்.

செர்பியாவில் கதை தலைகீழ். அங்கே மறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017-இல் ஆனா பிர்னாபிச் பிரதமரானார். அந்நாட்டின் முதல் பெண் பிரதமர். தாம் லெஸ்பியன் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவர் படத்தைப் போட்டன. 2019-இல் அவருடைய இணைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒருபாலினத் துணைவர்களின் உறவைப் பதிவு செய்வதற்கான மசோதா 2021-இல் எழுதப்பட்டது. அது அரசமைப்புக்கு முரணானது, கையெழுத்திட மாட்டேன் என்றார் அதிபர் வூச்சிச். மசோதா கிடப்பில் போய்விட்டது. நாட்டின் அமைச்சரவையையே தலைமை தாங்கி நடத்திய ஒரு பெண், சட்டத்தின் ஏட்டில் தன் வீட்டுக் குழந்தைக்கு யாரோ ஒருத்தி.