பெரிய விமானம் போன வழி

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிளில் போகும்போது லாரி ஒன்று உரசினாற்போல் கடந்தால் கை தானாக ஹேண்டிலை இறுக்கும், இல்லையா? அந்தக் காற்று ஒரு நொடியில் அடங்கிவிடும். ஆகாயத்தில் அப்படி இல்லை. பெரிய விமானம் கிளப்பிவிட்ட சுழல், அது போன பிறகும் இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே உலவும்.

இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே உள்ள காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே ஏறப் பார்க்கும்போது முறுக்கிக்கொள்கிறது. விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவோ, சுழல் அவ்வளவு வலுவாகும். இறங்க வரும் விமானம் மெதுவாகத்தானே வரும்!

சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். ஒரு காலை, காற்றின் போக்கைக் காட்ட ஓடுபாதை ஓரம் கட்டியிருக்கும் காற்றுப்பை ஏதோ கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது. முன்னால் இறங்கிய பெரிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டது. "பாதை காலி சார்" என்றார் மாணவர். 300 அடி உயரம் இருக்கும், இடது இறக்கை சடாரென்று கீழே போனது. அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டார். நானும் சேர்ந்து பிடித்தேன். விமானமோ இடப்பக்கமே சாய்ந்தது. அவர் சட்டைப்பையிலிருந்த பென்சில் எகிறி ஜன்னலில் மோதியது. இரண்டு மூன்று நொடிதான். சுழல் எங்களை வெளியே தள்ளியதும் முழு வேகம் கொடுத்து மேலே ஏறினோம். சிறு விமானம் முழுசாகவே ஒரு சுழலுக்குள் அடங்கிவிடும். அப்போது திருப்பிப் பயனில்லை.

பாதை காலியாக இருந்தது, காற்று காலியாக இல்லை. அமைதியான நாள்தான் எனக்குப் பயம். பலமான காற்று சுழலைக் கலைத்துவிடும். மெல்லிய பக்கக்காற்றோ அதை ஓடுபாதை மேலேயே நிறுத்தி வைக்கும்.

1993 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் போயிங் 757-க்குப் பின்னால் இறங்க வந்த வெஸ்ட்விண்ட் என்ற சிறு ஜெட் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். 757 போன பாதைக்குக் கீழே அது வந்துகொண்டிருந்தது. சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வேன்: பெரியவர் வந்த பாதைக்கு மேலேயே வா, அவர் சக்கரம் தொட்ட இடத்தைத் தாண்டித் தொடு. கனரக விமானத்தின் பின்னால் இலகு விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தார் 6 கடல் மைல் இடைவெளி விடுவார்கள், சரி. ஆனால் "முன்னால் போகிற விமானம் தெரிகிறது, பார்த்தே இறங்குகிறேன்" என்று நீங்கள் அவர்களிடம் சொல்லிவிட்டால், அந்த இடைவெளி உங்கள் பொறுப்பு. மறுபடியும் சொல்கிறேன், மேலேயே வாருங்கள், தாண்டித் தொடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். புறப்படும்போது கணக்கு மாறும்: பெரிய விமானம் தரையை விட்ட இடத்துக்கு முன்பே நீங்கள் எழும்பிவிட வேண்டும். அப்புறம் ஹெலிகாப்டர். தாழ்வாக மெல்ல நகரும் ஹெலிகாப்டரிலிருந்து அதன் சுழல்விசிறி அகலத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளியே இருங்கள். வணக்கம்.