முகத்துல தேசிக்காய் தேய்க்கிறீங்களா? கையைக் கழுவிட்டு இதைப் பாருங்க!

(திரையில்: பாதியா வெட்டின தேசிக்காய். குறுக்கால பெரிய சிவப்புக் கோடு.)

வணக்கம். பரு போன இடத்துல இருக்கிற கறுப்பு மறையட்டும்னு நீங்க தேய்க்கிற அதே தேசிக்காய், புதுசா ஒரு கறுப்பைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போகும். சும்மா வெருட்டுறதுக்காகச் சொல்லல்ல. மருத்துவத்தில இதுக்குத் தனிப்பேரே இருக்கு: பைட்டோபோட்டோடெர்மடைட்டிஸ். பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பருவே ஆறிடும், அதனால நேரா விஷயத்துக்கு வருவோம்.

பரு எப்படி வருதுன்னு வேகமாச் சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க பத்து செக்கன் தள்ளிப் போங்க. ஹோர்மோன் கூடினா தோலுக்குள்ள இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி அதிகமா எண்ணெய் விடும். செத்த தோல் அந்த எண்ணெய்யோட சேர்ந்து துவாரத்தை அடைக்கும். உள்ளுக்குள்ள க்யூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ்னு ஒரு கிருமி பெருகும், இடம் சிவந்து வீங்கும். அவ்வளவுதான். மூக்கில இருக்கிற கறுப்புப் புள்ளி ஊத்தை இல்லை. காற்றுப் பட்டு நிறம் மாறின அடைப்பு அது, எவ்வளவு உரசினாலும் போகாது.

இப்ப தேசிக்காய்க்கு வருவோம். இதுல ரெண்டு பிரச்சினை.

முதலாவது புளிப்பு. புளிப்பை அளக்கிற எண்ணுக்குப் பேர் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். நம்ம தோலின் பிஎச் அளவு கிட்டத்தட்ட 5. தேசிக்காய்ச் சாறு 2 பக்கம். 5க்கும் 2க்கும் மூணுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. இந்த அளவில ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக, தோல் பழகின அளவைவிட ஆயிரம் மடங்கு அமிலம். அப்பச்சோடாவைக் குழைச்சுப் பூசுறவங்க சிரிக்க வேண்டாம், அது 8ஐத் தாண்டும். நீங்க எதிர்ப்பக்கமா ஆயிரம் மடங்கு போறீங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து நுரை வர, "ஆ, வேலை செய்யுது!"ன்னு சொல்ற வீடியோக்களும் இருக்கு. அந்த நுரை வெறும் காபனீரொட்சைட்டு. சோடாப் போத்தலைத் திறந்தாலும் அதேதான் வரும்.

ரெண்டாவது பிரச்சினைதான் பெருசு. தேசிக்காய்ல பியூரானோகூமரின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு. சாறில இருக்கிறதைவிடத் தோல்லதான் அதிகம். நம்ம ஆட்கள் எதை எடுத்து முகத்துல தேய்க்கிறாங்க? பிழிஞ்ச மூடியை, தோலோட. இந்தப் பொருள் முகத்துல இருக்கும்போது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா, தோல் உயிரணுவோட டிஎன்ஏல போய் ஒட்டிக்கொள்ளும். உயிரணு வெந்துபோகும். இதுல கெட்ட விஷயம் என்னன்னா, உடனே ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் எரிச்சல், சிவப்பு, சில பேருக்குக் கொப்புளம். அது ஆறினதும் கபில நிறத்தில ஒரு தடம் நிக்கும். வாரக்கணக்கா, சில நேரம் மாதக்கணக்கா. திங்கட்கிழமை தேய்ச்சு புதன்கிழமை சிவந்து எரிஞ்சா, யாரும் தேசிக்காயைச் சந்தேகிக்க மாட்டாங்க. "நேத்து சாப்பிட்ட கொத்து"ன்னுதான் சொல்வாங்க. கொத்து பாவம்.

வெளிநாட்டுல கடற்கரை பார்கள்ல வெயில்ல நின்று தேசிக்காய் பிழியுறவங்களுக்குக் கையில இதே புண் வரும். அங்கே அதுக்குப் பட்டப்பேர் மார்கரிட்டா பேர்ன். கொழும்புல மார்ச், ஏப்ரல் மதிய வெயில்ல புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டும், அது உச்ச ஆபத்து அளவு. கன்னத்துல தேசிக்காயோட காலி வீதியில பஸ்ஸுக்கு நிக்கிறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அப்ப என்ன பூசுறது? ஆதாரம் நல்லா இருக்கிற மூலிகையில இருந்து தொடங்குவோம்: டீ ட்ரீ ஒயில்.

(திரையில்: சின்னக் கபிலநிறப் போத்தல்.)

நம்ம மலையகத் தேயிலைக்கும் இதுக்கும் ஒரு உறவும் இல்லை, தேயிலைச் சாயத்தை முகத்துல ஊத்தாதீங்க. இது அவுஸ்திரேலியாவில வளர்ற மரம். கொய்யா, ஜம்பு, நாவல், கராம்பு எல்லாம் இருக்கிற குடும்பம். ஒரு கராம்பைக் கசக்கி மணந்து பாருங்க, அந்தக் குடும்பத்தோட காரம் விளங்கும். 1990ல அவுஸ்திரேலியாவில 124 பேரை வச்சு இதைப் பரிசோதிச்சாங்க. ஒரு பகுதிக்கு 5 வீத டீ ட்ரீ ஜெல், மற்றப் பகுதிக்குப் பாமசியில பருவுக்கு விக்கிற 5 வீத பென்சொயில் பெரொக்சைட். ரெண்டு பக்கமும் பரு குறைஞ்சுது. டீ ட்ரீ மெதுவா வேலை செஞ்சுது, ஆனா எரிச்சல், தோல் உரியிறது குறைவு.

இதுல கவனிக்க வேண்டிய இலக்கம் 5 வீதம். போத்தல்ல இருக்கிறது நூறு வீதம். அதை அப்படியே பருவில வச்சிட்டு "மூலிகையும் சுடுதே"ன்னு அழுறதில அர்த்தமில்லை.

கணக்கு இதுதான். ஒரு மில்லிலீட்டர்ல ஏறத்தாழ 20 துளி. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர், அதாவது 100 துளி. அதுல 5 வீதம்னா 5 துளி. ஒரு தேக்கரண்டி கற்றாழை ஜெல்லுக்கு 5 துளி, அதுக்கு மேல வேண்டாம். உணர்ச்சியுள்ள தோல்னா 2 துளியில தொடங்குங்க. பாமசியில வாங்குற கெட்டியான ஜெல் இதுக்கு நல்லம், ஏன்னா தோட்டத்துக் கற்றாழையில எண்ணெய் நிக்காது, மேல மிதக்கும். மிதந்தா ஒரு பக்கம் வெறும் ஜெல், மறுபக்கம் முழு எண்ணெய், சுட்டிடும். ஒவ்வொரு தடவையும் பல் குத்துற குச்சியால கலக்கிட்டு, கொட்டன் பட்ஸால பரு இருக்கிற இடத்துல மட்டும் வைங்க. முதல் வாரம் இரவில ஒரு தடவை. எரிச்சல் இல்லைன்னா காலையிலும். ஆறு, எட்டு வாரம் போகாம "இது சரிவரல்ல"ன்னு தூக்கி எறியாதீங்க.

போத்தல் திறந்து ஆறு மாசம் ஆனா மாத்துங்க. காற்றும் வெளிச்சமும் பட்டா எண்ணெய் பழுதாகும், பழுதான டீ ட்ரீதான் அதிகமா ஒவ்வாமை தரும். குடிக்கக் கூடாது, நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்துல வைங்க.

தோட்டத்துக் கற்றாழையைத் தனியாப் பூசுறதுன்னா தாராளமாப் பூசலாம். ஆனா வெட்டின மடலை வெட்டுவாய் கீழே இருக்கிற மாதிரி ஒரு கிளாஸ்ல பதினைஞ்சு நிமிஷம் நிமிர்த்தி வைங்க. மஞ்சளா ஒரு பால் வடியும். தோலுக்கும் சதைக்கும் இடையில இருக்கிற பால் அது, அரிப்பு அதுலதான் வரும். வடியவிட்டு, கழுவி, தோலைச் சீவிட்டு உள்ள இருக்கிற சதையை மட்டும் எடுங்க.

இனி நம்ம ஊர்ச் சரக்கு. புறக்கோட்டையில கபோஸ் லேன் பக்கம் மருந்துச் சாமான் கடைகள் வரிசையா இருக்கே, அங்கே போய் மரமஞ்சள் கேளுங்க. விளங்காட்டி சிங்களத்தில "வெனிவெல்"னு சொல்லுங்க, உடனே எடுத்துத் தருவாங்க. தூளா வாங்காதீங்க, துண்டா வாங்குங்க. வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்த்தா பளீர் மஞ்சள், நடுவில இருந்து விளிம்புக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரிக் கோடுகள் ஓடும். நுனியை நாக்கில வச்சா கசப்பு நெற்றியில அடிக்கும். கசக்கலைன்னா திருப்பிக் குடுத்திடுங்க. அந்தக் கசப்பும் மஞ்சளும் பெர்பெரின்ங்கிற பொருள். அது கிருமியை அடக்குறது ஆய்வுகூடத்தில தெரிஞ்ச விஷயம்.

10 கிராம் துண்டை இடிச்சு, 200 மில்லிலீட்டர் தண்ணியில போட்டு, சின்ன நெருப்பில பாதியாகும்வரை வத்த வைங்க. துணியில வடிச்சு, ஆறினதும் பிறிட்ஜ்ல. மூணு நாளுக்கு மேல வச்சிருக்காதீங்க. இதுல பழுதாகாம இருக்க ஒண்ணும் சேர்க்கல்ல, நாலாம் நாள் பருவுக்கு மருந்து பூசுறதுக்குப் பதிலாப் புதுக்கிருமி பூசுவீங்க. இரவில பஞ்சால ஒற்றி, பத்து நிமிஷத்தில கழுவுங்க. கழுவாமப் படுத்தா தலையணை உறை மஞ்சள், அம்மா முகம் சிவப்பு. இன்னொண்ணு, இது காட்டுல மிக மெதுவா வளர்ற கொடி, அளவுக்கு மிஞ்சி வெட்டுறதால குறைஞ்சு போகுது. கால் கிலோ வாங்கிக் குவிக்காதீங்க, 50 கிராம் ரொம்ப நாளைக்குப் போகும்.

மஞ்சள்? கிழங்கா வாங்கி அரைங்க. 2019 டிசம்பர்ல இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து விலை ஏறினப்போ மா கலந்த மஞ்சள்தூளெல்லாம் நாம பார்த்ததுதான். "கஸ்தூரி மஞ்சள்"னு பூலாங்கிழங்கைக் குடுக்கிறதும் உண்டு. அதே பேர்ல கடும் செம்மஞ்சளா ஒரு தூள் வந்தா, அது அநேகமா நீங்க கறிக்குப் போடுறதேதான்.

கறுவா, உள்ளி: முகத்துக்கு வேண்டாம். கறுவாவையும் தேனையும் குழைச்சுப் பூசுற செய்முறை எங்கேயும் கிடைக்கும், கறுவாவில இருக்கிற சின்னமல்டிஹைட் தோலை எரிக்கும். பச்சை உள்ளி உண்மையாவே சுட்ட புண் வைக்கும்.

எதைப் பூசுறதுன்னாலும் முதல்ல முழங்கை மடிப்பில ஒரு சின்ன இடத்துல தடவி, ரெண்டு நாள் பாருங்க.

இனி பரு போன இடத்துல நிக்கிற அடையாளம். ஒரு வெறுங்கண்ணாடி கிளாஸை எடுத்து அடையாளத்து மேல அமத்துங்க. சிவப்பு மறைஞ்சா, அது இரத்தக் குழாய் விரிஞ்ச தடம், காலத்தோட தானாக் குறையும். கபிலம் அப்படியே நின்னா, அது நிறமி. அமத்தாம, பக்கத்து லைட்ல பார்க்கும்போது பள்ளமாத் தெரிஞ்சா, அது தழும்பு. பள்ளத்தை எந்த மூலிகையும் நிரப்பாது. நிரப்பும்னு சொல்றவரிட்ட பர்ஸை வெளியில எடுக்காதீங்க.

நிறமிக்கு மூலிகையில பார்க்கக்கூடியது அதிமதுரம். சிங்களத்தில வெல்மி. அதுல இருக்கிற கிளப்ரிடின், நிறமி உண்டாக்குற நொதியைத் தடுக்கும். தூளை வெறும் தண்ணியில குழைச்சுப் பத்து நிமிஷம், காய்ஞ்சு இறுக முந்திக் கழுவணும், கிழமைக்கு மூணு தடவை. ஆனா உண்மையைச் சொன்னா, நிறமிக்கு முதல் மருந்து சன் கிறீம்தான். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாம, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து. வெளியில நிக்கிறதுன்னா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இதைப் பூசாம அதிமதுரம் மட்டும் பூசுறது காசுக்கும் நேரத்துக்கும் நட்டம்.

"ஏழு நாளில வெள்ளை"ன்னு, செய்த கம்பனியோட விலாசமும் உள்ளடக்கமும் இல்லாத "மூலிகைக் கிறீம்" டப்பாக்களைப் பற்றியும் சொல்லியாகணும். சிலதில பாதரசம், சிலதில குளோபெட்டசோல் மாதிரி கடும் ஸ்டிரொயிட். முதல் கிழமை முகம் பளிங்கு. நிப்பாட்டினதும் முழு முகமும் சிவந்து பரு வெடிக்கும், திரும்பப் பூசினா அடங்கும். அந்தச் சுழலுக்குள்ள போனவங்க தாங்களா நிப்பாட்டாம ஒரு தோல் வைத்தியரிட்ட காட்டுங்க.

அதேபோல, கட்டி கட்டியா ஆழமா வலிக்கிற பரு, மாதவிடாய் தவறுறதோட நாடியில முடி, பரு ரெண்டும் வர்றது, இதெல்லாம் வீட்டு வைத்தியத்துக்கு உரியது இல்லை. தேசிய வைத்தியசாலையில தோல் கிளினிக் இருக்கு. ஆயுர்வேதம்தான் வேணும்னா பொரளை ஆயுர்வேத போதனா வைத்தியசாலை. கர்ப்பிணிகள் எதுன்னாலும் கேட்டிட்டே தொடங்குங்க.

கடைசியா, நிறையப் பேர் தவறவிடுற ஒண்ணு. நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவுல சின்னச் சின்னதா, அரிப்போட வந்தா அது பரு இல்லாம இருக்கலாம். மலசீசியாங்கிற பூஞ்சணம். வியர்வையும் புழுக்கமும் அதுக்குக் கொண்டாட்டம். தலைக்குப் பூசுற தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வடிஞ்சா இன்னும் சாப்பாடு. தேங்காயெண்ணெய்ல இருக்கிற லோரிக் அமிலம் பருக்கிருமியைக் கொல்லும்னு சொல்றது ஆய்வுகூடத்தில சரிதான், ஆனா அந்த எண்ணெய் துவாரத்தையும் அடைக்குதே! எண்ணெய் வைக்கிறதுன்னா குளிக்க முந்தி அரை மணித்தியாலம் வச்சுக் கழுவிடுங்க, இரவு முழுக்க ஊற விடாதீங்க. மூணு கிழமை அப்படிச் செய்து நெற்றி எப்படி இருக்குன்னு கீழே எழுதுங்க, எந்த எண்ணெய்ன்னும் சேர்த்து. வேப்பெண்ணெய்ப் பார்ட்டிகள், உங்களுக்குத் தனி வீடியோ வருது.