அந்த அளவு எதற்கு?

(மதுரையில் லெந்துகாலக் (தவக்கால) கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்." லூக்கா 6:38. பாதிப் பேருக்கு மனப்பாடம். சரி, அதற்கு முந்தின வசனம் என்ன? வேதாகமம் வைத்திருப்பவர்கள் திறந்து பாருங்கள். "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று தொடங்கி, "விடுதலைபண்ணுங்கள், அப்பொழுது நீங்களும் விடுதலைபண்ணப்படுவீர்கள்" என்று முடிகிறது. அதைச் சொன்ன கையோடுதான் ஆண்டவர் அளவைப் பற்றிப் பேசுகிறார். பணத்துக்கு முன்னால், மனிதர்களை அளக்கிற அளவு அது. முன்வசனத்தை விட்டுவிட்டுப் பின்வசனத்தை மட்டும் பையோடு அனுப்பிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு மெய்யாகவே வருத்தம்.

அளவைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை கிலோக்கணக்கு. அதே பூ சரமாகித் தெருவுக்கு வந்தால் முழக்கணக்கு. முழம் என்பது பூக்காரம்மாவின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. ஒருவர் முழம்போல் இன்னொருவர் முழம் இருக்காது. எங்கள் தெருவுக்கு வரும் அம்மா விரல் நுனியில் நிறுத்தவே மாட்டார். இன்னும் நாலு விரல் தள்ளிப் பிடித்துத்தான் சரத்தை நறுக்குவார். சரிந்து விழும்படி அளப்பது என்றால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

நாம் எப்படி அளக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் கெட்டுப்போனான். நம் வீட்டுப் பையன் வந்தால், பாவம், வேலை அதிகம்.

1606இல் இந்த ஊருக்கு வந்த இத்தாலியக் குருவானவர் ராபர்ட் டி நொபிலி, இந்நாட்டுத் துறவியைப்போல உடுத்தினார், சந்தனம் பூசினார். அவர்மேல் புகார் எழுதியவர் இதே மதுரையில் ஊழியம் செய்த சக குருவானவர். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தரும்வரை பத்து வருஷத்துக்கு மேல் அந்த வழக்கு ஓடியது. அவர் வழிமுறையில், முக்கியமாகச் சாதி விஷயத்தில், எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் உடுப்பை வைத்து ஒருவரின் விசுவாசத்துக்குத் தீர்ப்பெழுதுவது வேறு.

இப்போது மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன உவமை. ராஜாவிடம் ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி. ராஜா அத்தனையும் மன்னித்துவிட்டார். அவன் வெளியே வந்து, 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். 100 நாள் கூலி சின்னத் தொகையா? எந்தக் கொத்தனாரையும் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வீடு ஓடும். நமக்குப் பிறர் செய்த தீங்கை ஆண்டவர் ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. நாம்தான் அடிபட்டவரிடம் போய், "விடுங்க, மறந்திருங்க" என்கிறோம். தப்பு செய்தவனிடம் தனியே போய் அதை உணர்த்து என்பதும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணைத் திருப்பி அனுப்ப இந்த உவமையை யாரும் எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நானும் தொண்டையைப் பிடித்தவன்தான். அப்பா வீட்டை விற்ற பணத்தில் எனக்கும் தம்பிக்கும் தகராறு. ஆறு வருஷம் பேச்சு இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, ஆட்டோக் கூலி எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, சிவப்பு மையில் கூட்டி வைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால், "அண்ணன் இருக்கானா செத்தானான்னு கேக்கிற ஆளா அவன்?" என்பேன். என் தீர்ப்பு அது.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "உள்ள வாண்ணே" என்று சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. தம்பி மனைவி காபி போட அடுப்படிக்குள் போனார். அவன் எழுந்து அங்கே போய் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணனுக்குச் சீனி போடாத."

எனக்குச் சர்க்கரை வந்தது போன வருஷம்தான்.