கொல்லைக் கொட்டகைக்குக் கூரைதான் முதல்

நேயர்களுக்கு வணக்கம்.

கரூர் பரமத்தி, வேலூர், திருத்தணி, மதுரை என்று கோடைதோறும் வானிலை அறிக்கையில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அந்த நூறு டிகிரி, நிழலில் காற்றோட்டமான கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுகிற அளவு. அதே நேரத்தில் அதே ஊரில் ஒரு வீட்டின் கொல்லையில் நிற்கும் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு சூடு என்பதை எவரும் அளப்பதில்லை. கட்டட வேலைகளை மேற்பார்வையிடுவது என் தொழில். வீட்டு வேலை முடிந்ததும் மிஞ்சிய பணத்தையும் மிஞ்சிய கல்லையும் வைத்து, யோசனை எதுவுமின்றி எழுப்பப்படும் அந்தச் சிறிய கொட்டகையைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். எட்டடி அகலம், பத்தடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோருக்கு அதற்குத்தான் இடமும் இருக்கும்.

மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அப்படி ஒரு கொட்டகையைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாளை வெறும் விரலால் தொட முடியாது. உள்ளே பெயிண்ட் டப்பாவின் மூடி உப்பியிருக்கும். மருந்து தெளிக்கும் பம்பைப் பிரித்தால் அதன் ரப்பர் வாசர் விறைத்து, விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். சுருட்டி வைத்த தோட்டக் குழாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். பொருளைப் பத்திரமாக வைக்கத்தான் பணம் செலவழித்துக் கொட்டகை கட்டினோம். வெளியே வேப்பமர நிழலில் கிடந்திருந்தால்கூட அந்தப் பம்பு இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இது வெயிலால் மட்டும் வந்த கேடு இல்லை. கட்டிய முறையால் வந்தது.

கொட்டகை கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது சுவரையும் கதவையும் பற்றி. எந்தக் கல், எவ்வளவு கனம், எந்தப் பூட்டு என்பார்கள். கூரையைப் பற்றிக் கேட்டால் "நாலு தகரம் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். முதலில் நிழல், அடுத்து காற்று, அவை இரண்டும் முடிவான பிறகு சுவரும் பூட்டும்.

நம் ஊர்ச் சூரியனை வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். திருச்சியும் கரூரும் 11 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்திருக்கிறது. கடும் வெயில் அடிக்கிற காலம் முழுவதும் நண்பகல் வெயிலை வாங்குவது கூரைதான், சுவர் இல்லை. சுவர்களில் கொடுமையானது மேற்குச் சுவர். மாலை வெயில் சாய்ந்து வருவதால் அதை இறவாரத்தால் தடுக்க முடியாது. தெற்கு வெயில் என்று நாம் அஞ்சுவது மார்கழி, தை மாதங்களில் வருவது. அது சுள்ளென்று இருக்குமே தவிர, பொருளைக் கெடுக்காது.

ஆகையால் கொட்டகையின் நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருக்கட்டும். நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால், மேற்கு வெயிலில் காய்வது எட்டடிச் சுவர் மட்டுமே. இடம் இருந்தால் வீட்டுக்குக் கிழக்கே கட்டுங்கள். பிற்பகலில் வீட்டின் நிழலே கொட்டகையின் மேல் விழும், ஒரு காசு செலவில்லை. வாஸ்து பார்க்கிறவர்கள் கனமான சாமான்களுக்குத் தென்மேற்கு மூலையைச் சொல்வார்கள். மாலை வெயில் முழுவதையும் வாங்குகிற மூலை அது. அங்கேதான் கட்ட வேண்டும் என்றால் கட்டுங்கள், ஆனால் மேற்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிப் பந்தல் நிறுத்திப் பீர்க்கையோ கோவையோ ஏற்றிவிடுங்கள். கொடி சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும், தொட்டால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முருங்கையை மட்டும் அருகில் வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் அதன் கிளை முறியாத ஆண்டு இல்லை.

இனி கூரை. தகரத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளக்கும் வெள்ளித் தகடு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று நம்பி வாங்குகிறார்கள். ஓரளவு அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் அந்தப் பளபளப்பான பரப்பு மிகவும் கஞ்சம். அதனால் வெயில் ஏற ஏறச் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகும். அதே தகட்டின் மேல் வெள்ளை வண்ணம் இருந்தால் வெயிலையும் திருப்பி அனுப்பும், வாங்கிய சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். ஆகவே வண்ணம் பூசிய தகடு வாங்குவதானால் வெள்ளையையோ வெளிர் நிறத்தையோ கேளுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அடர் நீலமும் கருஞ்சிவப்பும் வாங்கி மாட்டியிருப்பதை ஊர் ஊராகப் பார்க்கிறேன். அந்தக் கூரைகள் நல்ல வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும்.

வெள்ளை என்றதும் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். செங்கல் சுவருக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்பைப் போல மலிவான நல்ல பூச்சு வேறு இல்லை. நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் கலந்து, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து அடிக்கலாம். சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றுவதானால், தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஆனால் தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு ஆகாது. காரம் மிகுந்த சுண்ணாம்பு, தகட்டின் மேல் இருக்கும் துத்தநாக, அலுமினியப் பூச்சை அரித்துவிடும். இரும்புக்கென்று விற்கும் வெள்ளை வண்ணத்தையே அதற்கு வாங்க வேண்டும்.

வெள்ளை அடித்தாலும் தகடு கொஞ்சம் காயத்தான் செய்யும். அந்தச் சூடு கீழே இருக்கும் பொருளின் மேல் நேராக விழாமல் இருக்க, தகட்டுக்குக் கீழே நாலு முதல் ஆறு அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு கூரை வேண்டும். மூங்கில் தப்பையின் மேல் மூங்கில் பாய் போதும், எலிக்கு அஞ்சினால் சிமெண்ட் பலகை போடலாம். முக்கியமானது இடைவெளி. அதன் இரண்டு முனையும் வலை அடித்துத் திறந்திருக்க வேண்டும். சூடான காற்று தானாக மேலேறி அந்த வழியே வெளியேறும். இடைவெளியை மூடிவிட்டால் பாய் போட்டதில் பாதிப் பயன் இல்லை. கடையில் கிடைக்கும் பளபளக்கும் காப்புத் தாளும் இப்படித்தான். தகட்டோடு ஒட்டி மாட்டினால் அதன் மினுமினுப்புக்கு வேலையே இல்லை, குறைந்தது ஓரங்குலக் காற்றிடைவெளி வேண்டும்.

ஓடு போட வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். தகடு அளவுக்குக் காயாது, ஓட்டுக்கு ஓடு இருக்கும் சந்துகளில் காற்றும் போகும். அதற்கு 30 டிகிரி அளவுக்குச் சரிவு வேண்டும், மரமும் கூடுதலாகப் பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு மலிவு என்று வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். அந்தத் தூசியை முகத்துக்கு நேரே வாங்குகிறவர் நம் கொல்லையில் வேலை செய்யும் கூலித் தொழிலாளி.

தகரக் கூரைக்குச் சரிவு எட்டடி அகலத்தில் ஒன்றரை அடி போதும். உயரமான பக்கம் தெற்கே, தாழ்வான பக்கம் வடக்கே. நம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரலோடு வருவது. தாழ்ந்த இறவாரம் அதைத் தடுத்துக்கொள்ளும். வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் கீழ்த்திறப்புகள், தெற்குச் சுவரில் கூரையை ஒட்டி மேல்திறப்புகள். இந்த அளவுக் கொட்டகைக்கு மேலே நாலு சதுர அடி, கீழே நாலு சதுர அடி விடச் சொல்வேன். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினாலே அழகான ஜாலி ஆகிவிடும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அப்படிக் கட்டிய சுவர்களைக் கேரளத்தில் இன்றும் பார்க்கலாம். உள்பக்கம் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் சுண்டெலியும் பாம்பும் வராது. வடக்கே இரண்டடி இறவாரம் விட்டால், ஜூன் மாத உச்சி வெயிலில் அதன் நிழல் ஒன்பதடி வரை இறங்கும். சுவர் முழுவதும் நிழலில் நிற்கும், உள்ளே நுழையும் காற்றும் நிழலைத் தொட்டு வரும்.

ஆனால் அந்த இறவாரத்தைத்தான் புயல் முதலில் பிடித்துத் தூக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்கிற தகடு கத்தி. கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம் என்று உள்மாவட்டத்தார் இருந்துவிடக் கூடாது, கோடை மழைக்கு முந்திய சூறைக்காற்று ஒன்றே போதும். குழாய்த் தூண்களைத் தரைக்குள் இரண்டடி ஆழம் கான்கிரீட்டில் புதையுங்கள். வளைவுத் தகட்டை ஜே போல்ட், அதாவது கொக்கி போல வளைந்த போல்ட், போட்டு முடுக்கும்போது கூட நின்று பாருங்கள். துளை தகட்டின் மேட்டில் விழ வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் மழைநீர் அதன் வழியே உள்ளே வரும். பத்தடித் தகடு விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், மறுபடி சுருங்கும். துளை போல்ட்டை விடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் அது நகர முடியும். வாசர் பிதுங்கும்வரை முடுக்கினால் ஒரே கோடையில் வெடித்துவிடும். கைக்கு இறுகியபின் அரைச் சுற்று, அதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செங்கல்லின் அகலமே கனமாக இருக்கும் அரைக்கல் சுவர் போதும், மூலைகளில் தூண் கட்டினால் நிற்கும். பேஸ்மட்டம் ஒன்றரை அடி உயரட்டும். மரச்சட்டம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது.

இவ்வளவு செய்தும் கொட்டகை வீட்டை விடச் சூடாகத்தான் இருக்கும். எதை உள்ளே வைக்கக் கூடாது என்பது அதனால் முக்கியமாகிறது. விதை வைக்காதீர்கள். சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஒவ்வோர் ஐந்து டிகிரி செல்சியஸ் குறையும்போதும் விதையின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது விதை அறிவியலில் ஹாரிங்டன் வகுத்த பொதுக் கணக்கு. திருப்பிப் பாருங்கள். வீட்டு அறையை விடப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் காயும் கொட்டகையில் விதையின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். அடுத்த பட்டத்துக்கென்று கத்தரியும் வெண்டையும் எடுத்து முடிந்து வைத்த அம்மாக்களின் உழைப்பு அது. வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வையுங்கள், நன்றாகக் காயவைத்து மூடி வையுங்கள். பெட்ரோல், கூடுதல் சமையல் எரிவாயு உருளை, பட்டாசு எதுவும் கொட்டகைக்குள் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் சூட்டில் வீரியம் இழக்கும். அதை அமிலத்தின் பக்கத்தில் வைத்தால் நச்சு வாயு எழும். பூச்சிமருந்து பூட்டிய பெட்டியில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். யூரியா ஈரம் குடிக்கும், பக்கத்தில் இருக்கும் இரும்பையும் அரிக்கும். சிமெண்ட் மூட்டை மிஞ்சியிருந்தால் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். மூன்று மாதத்தில் அதன் வலு குறையத் தொடங்கிவிடும், சேமித்து வைப்பதை விட யாருக்காவது கொடுத்துவிடலாம்.

பணம் போதவில்லை என்றால் சுவரைத் தள்ளிப்போடுங்கள். தூணும், உறுதியாகக் கட்டிய வெள்ளைக் கூரையும், உயர்த்திய தரையும், சுற்றிலும் கம்பி வலையும் இருந்தாலே மண்வெட்டி, கடப்பாரை, சைக்கிள், ஏணி எல்லாம் நலமாக இருக்கும். சுவரை அடுத்த ஆண்டு ஒவ்வொரு பக்கமாக எழுப்பலாம், மேற்கிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே தகரக் கொட்டகை வைத்திருப்பவர்கள் அதை இடிக்க வேண்டியதில்லை. பங்குனி பிறப்பதற்குள் கூரைக்கு வெள்ளை அடித்து, கூரையை ஒட்டி எதிரெதிரே இரண்டு திறப்பும் கீழே இரண்டு திறப்பும் வெட்டி வலை அடித்துவிடுங்கள். வண்ணத்துக்கும் வலைக்கும் ஆகிற செலவோடு முடிந்துவிடும். புரட்டாசியில் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, வாசர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.