எப்ப சூடாகுது மாப்ள?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நட்பைப் பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டாங்க. போன மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் எங்க செட்டுக்குள்ள நடந்த ரெண்டு விஷயம் மனசுலயே நிக்குது, ஒண்ணு கார் ரிப்பேர், இன்னொண்ணு காலேஜ் டைம்டேபிள், அதையே சொல்லிடறேன்.

நான் திருச்சில ஒரு கலைக் கல்லூரில கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக் கொடுக்குறேன். என் கூட பத்தாவது வரைக்கும் படிச்சவன் மருந்து கம்பெனி ரெப். புதுக்கோட்டை, மணப்பாறை, அரியலூர்னு சுத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு அவன் வச்சிருக்கிறது 2008 மாடல் பெட்ரோல் கார். 15 வருசம் முடிஞ்சா ஆர்.சி.யை புதுப்பிக்கணும் இல்லையா, 2022 ஏப்ரல்ல இருந்து அந்த ஃபீஸை 600 ரூபால இருந்து 5,000 ஆக்கிட்டாங்க, அதையும் கட்டி, டிங்கரிங் பெயின்ட் எல்லாம் பாத்து, எஃப்.சி. காட்டி இன்னும் 5 வருசத்துக்கு வாங்கி வச்சிருந்தான். அப்படி செலவு பண்ணின வண்டி மே மாசம் கொதிக்க ஆரம்பிச்சிருச்சு.

தில்லைநகர்ல ஒரு டீக்கடை, ராத்திரி 8 மணிக்கு மேல நாலு பேரும் அங்கதான் உக்காருவோம். வந்த உடனே வண்டி கதைதான். ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டரை கழட்டி கிளீன் பண்ணினாங்களாம், சரியாகல. இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வைக்கிற தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டு அது இல்லாமலே ஓட்டுங்கன்னு சொல்லிட்டாங்களாம், அப்பவும் சரியாகல. அடுத்து வாட்டர் பம்ப் மாத்தினாங்க. மூணாவது வாரம், இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில இருக்கிற சீல், ஹெட் கேஸ்கட், போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், 18,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. ஏற்கனவே 7,000 கிட்ட போயிருச்சு, எதுக்கு எதை மாத்தினாங்கன்னு ஒரு துண்டு சீட்டு கூட கையில இல்ல, கழட்டின பழைய சாமானும் திரும்ப தரல. அவன் குரல் உடைஞ்சு போய் பேசினான் அன்னைக்கு, மாச டார்கெட் வேற இருக்கு, பஸ்ல போனா ஒரு நாளைக்கு நாலு டாக்டரைக் கூட பாக்க முடியலன்னான்.

எங்க செட்ல இன்னொருத்தன் ஆர்.ஓ. தண்ணி மெஷின் சர்வீஸ் பண்றவன், காரே கிடையாது அவன்கிட்ட. அவன்தான் கேட்டான், எப்ப சூடாகுது மாப்ளன்னு. இவன் யோசிச்சு சொன்னான், பால்பண்ணை சிக்னல்ல நிக்கிறப்ப ஏறுது, காந்தி மார்க்கெட் பக்கம் நெரிசல்ல ஏறுது. மதுரை ரோட்டுல விராலிமலை வரைக்கும் எண்பதுல போனப்ப? அப்ப டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நின்னுச்சுன்னான். சொல்லிட்டு அவனே நிறுத்திட்டான். ஓடுறப்ப சூடாகாம நிக்கிறப்ப மட்டும் சூடானா, காத்து வர்றப்ப எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம். அப்படின்னா ஃபேன் சுத்துதா?

மூணு வாரமா யாரும் அதை பாக்கவே இல்லைங்க. அங்கயே பானெட்டை தூக்கி வச்சிட்டு இன்ஜினை ஓட விட்டோம், முள்ளு முக்கால் தாண்டி ஏறிக்கிட்டே இருக்கு, ரேடியேட்டர் ஃபேன் அசையாம நிக்குது, உடனே ஆஃப் பண்ணிட்டோம். ரேடியேட்டருக்கு முன்னாடி இருந்து வர்ற காத்து ஓடுற வண்டிக்கு போதும், நிக்கிற வண்டிக்கு அந்த ஃபேன்தான் காத்து. தண்ணி சூடு 90 டிகிரிக்கு மேல ஏறினதும் ஒரு சின்ன சுவிட்ச் அதை ஓட விடணும். மறுநாள் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அந்த சுவிட்ச்ல இருந்த ரெண்டு ஒயரையும் நேரா சேத்தாரு, ஃபேன் சுத்துச்சு. மோட்டார் நல்லா இருக்கு, சுவிட்ச்தான் போச்சு. புது சுவிட்ச், கூலி எல்லாம் சேத்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிருச்சு. தெர்மோஸ்டாட்டையும் திரும்ப போடச் சொன்னாரு, அது இல்லாம ஓட்டினா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோலும் அதிகமா குடிக்கும். ஹெட் கேஸ்கட் போயிருந்தா பெரும்பாலும் ஆயில் ஸ்டிக்ல பால் கலந்த மாதிரி தெரியும், சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வரும், நம்ம வண்டில அது எதுவுமே இல்லன்னு அவர்தான் காட்டினாரு.

நேயர்கள்ல யாருக்காவது வெயில்ல இப்படி முள்ளு ஏறுச்சுன்னா தயவுசெஞ்சு ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ரேடியேட்டர் மூடியை சூட்டோட திறக்காதீங்க, உள்ள தண்ணி பிரஷர்ல இருக்கு, முகத்துலயே அடிக்கும். ஏ.சி.யை நிறுத்திட்டு ஹீட்டரை ஃபுல்லா வச்சா இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும், அதுக்குள்ள ஓரமா நிறுத்திடுங்க.

சரி, ஜூன் வந்துச்சு, என் முறை. எங்க டிபார்ட்மென்ட் டைம்டேபிள் நான்தான் போடணும். வெளில இருந்து பாத்தா ஒரு நாளைக்கு 5 பீரியட், கிழமைக்கு பதிலா முதல் நாள், ரெண்டாம் நாள்னு எண்ணுற 6 டே ஆர்டர், மொத்தம் 30 கட்டம், நிரப்பிட்டா முடிஞ்சது. ஆனா தமிழ், இங்கிலீஷ் க்ளாஸுக்கு மத்த டிபார்ட்மென்ட் பிள்ளைங்களையும் சேத்து உக்கார வைக்கணும், துணைப் பாடமா வர்ற அலைடு மேத்ஸுக்கு வேற டிபார்ட்மென்ட் ஆள் வரணும், லேப் மூணு பீரியட் தொடர்ச்சியா வேணும், 2022ல வந்த நான் முதல்வன்ங்கிற அரசு திறன் பயிற்சி வகுப்புக்கும் கம்ப்யூட்டர் ரூம் வேணும். இதுக்கு மேல டே ஆர்டர். திங்கக்கிழமை லீவு விட்டா அன்னைக்கு வர வேண்டிய ஆர்டர் செவ்வாய்க்கு தள்ளும், எந்த பாடத்துக்கும் நஷ்டம் வராதுன்னு பண்ணின நல்ல ஏற்பாடுதான், ஆனா கௌரவ விரிவுரையாளர் ஒருத்தர் புதன் வியாழன் வேற காலேஜ்ல எடுக்கிறாரு, அவருக்கு கிழமைதான் கணக்கு, எனக்கு ஆர்டர்தான் கணக்கு, எப்படி சேரும்?

முதல் ரெண்டு வாரத்துல மூணு தடவை மாத்தினேன். செகண்ட் ஷிப்ட்ல ஒரு பையன், காலைல என்.எஸ்.பி. ரோட்ல ஒரு ஜவுளிக் கடைல வேலை பாத்துட்டு மதியம் க்ளாஸுக்கு வருவான். லேப் இடிக்குதுன்னு காலைல ரெண்டு நாள் வரச் சொல்லிட்டேன். மூணாவது நாள் வந்து, சார் எனக்கு சம்பளம் பிடிச்சிட்டாங்கன்னு மட்டும் சொன்னான், கோவமே படல. 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேணும்னு எழுதி ஒட்டினதும் நான்தான். அன்னைக்கு ராத்திரி டீக்கடைல நான் பேசினது முழுக்க அந்த பையனைப் பத்திதான், சாப்பாடு இறங்கல.

இந்த தடவை கேட்டவன் ரெப். எங்க எங்க இடிக்குது, ஒண்ணொண்ணா சொல்லுன்னான். மொபைல்ல எடுத்து சொல்லிக்கிட்டே வந்தேன், பதினோரு இடிப்பு, அதுல ஒம்போது அந்த ஒரே கம்ப்யூட்டர் லேப்ல. மூணு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு லேப், அதை நான் கடைசில, மிச்சம் இருக்கிற கட்டத்துல சொருகிக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னான், டிக்கில சாமான் ஏத்தறப்ப பெரிய பெட்டியை கடைசிலயா வைப்ப, அதை முதல்ல வச்சிட்டு சின்னதை சுத்தி அடுக்குடான்னு.

மறுநாள் மத்த ரெண்டு டிபார்ட்மென்ட் ஆளுங்களையும் உக்கார வச்சு லேப் மட்டும் முதல்ல போட்டோம், அப்புறம் கௌரவ விரிவுரையாளர், அப்புறம் தமிழ், இங்கிலீஷ், கடைசில எங்க சொந்த தியரி க்ளாஸ், அதை எங்க வேணா நகர்த்தலாம். அந்த கௌரவ விரிவுரையாளர் பிரச்சினை இன்னும் முழுசா தீரலைங்க, லீவு வர்ற வாரத்துல போன் பண்ணி மாத்திக்கத்தான் வேண்டியிருக்கு. ஆனா அந்த பையன் மறுபடி காலைல வர வேண்டி வரல, கடைக்கும் போறான், லேப்புக்கும் வர்றான்.

நேத்து ராத்திரி ரெப் வந்து உக்காந்ததும், மாப்ள, செகண்ட் கியர் விழ மாட்டேங்குதுன்னான். டீயை கீழ வச்சிட்டு நான் கேட்டேன், காலைல எடுத்த உடனேயா, இல்ல ஓடி சூடான பிறகா?

நன்றிங்க, வணக்கம்.