துங்கஸ் என்றால் பன்றியா? ஒரு பெயரின் கதை

ஒரு மொழிக் குடும்பத்துக்கே "பன்றி" என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஸ்கிப் செய்யாதீர்கள், இந்த வீடியோவில் நாயும் வரும்.

[திரையில்: சைபீரிய வரைபடம்]

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். சைபீரியாவின் எவெங்கிகள், அமூர் நதிக்கரை நானாய்கள், சீனாவை ஆண்ட மஞ்சூக்கள் ஆகியோரின் மொழிகள் துங்குசிய மொழிகள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன ரஷ்யர்கள் எவெங்கிகளைத் "துங்கஸ்" என்றார்கள். பக்கத்தில் வாழும், துருக்கிய மொழிக் குடும்பத்து மொழி ஒன்றைப் பேசும் சாகா மக்கள் எவெங்கிகளுக்கு வைத்த பெயர் "தொங்குஸ்".

சரி, பன்றிக்கு வருவோம். பழைய துருக்கியச் சொல் ஒன்று இருக்கிறது: தொங்குஸ். அர்த்தம், பன்றி! துருக்கியில் இன்றும் "டொமுஸ்" என்கிறார்கள். சாட்சிக்கு ஆளும் உண்டு. மஞ்சூரியப் பக்கம் ஈலோ என்றொரு மக்கள் பன்றி வளர்த்து, கறியைத் தின்று, தோலை உடுத்தி, குளிர்காலத்தில் அதன் கொழுப்பை உடம்பெல்லாம் கனமாக அப்பிக்கொண்டார்கள் என்று பழைய சீன வரலாறு சொல்கிறது. மாய்ஸ்சரைசர் கம்பெனிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

எனக்கென்னவோ இது ஒட்டவில்லை. ஈலோக்கள் இருந்தது கிழக்குக் கடலோரம். சாகாக்கள் லேனா நதிப் பக்கம் பார்த்த எவெங்கிகளிடம் ஏது பன்றி? அவர்களிடம் இருந்தது துருவ மான். அதில் சவாரியே போவார்கள். நடுமுதுகில் உட்கார்ந்தால் மான் தாங்காது என்று சேணத்தைத் தோள்பட்டைமேல் போடுவார்கள். இன்னொன்று, சாகா மொழியில் இன்று பன்றிக்கு உள்ள சொல்லே ரஷ்ய மொழியிலிருந்து வாங்கியதுதான்!

"தொங்குஸ்" என்பதைச் சாகா மொழியில் "தொங்", "உவோஸ்" என்று பிரித்து, "உறைந்த உதடு" என்பவர்களும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து யோசித்த விளக்கம் மாதிரித் தெரிகிறது.

அப்புறம், நாய். நானாய்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயரைப் பிரித்தால், "நா" என்றால் மண், "நாய்" என்றால் மனிதர். மண்ணின் மனிதர்கள். ஆமாம், அங்கே யாரையாவது நாய் என்றால் கோபமே வராது. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

1930களில் சோவியத் அரசு "துங்கஸ்" என்பதை விட்டு, அவர்களே சொல்லும் "எவெங்கி"யை எடுத்துக்கொண்டது. துங்குஸ்கா ஆற்றின் பெயர் மட்டும் மாறவில்லை. 1908 ஜூன் 30 அன்று வானில் ஏதோ வெடித்துக் காட்டையே சாய்த்ததே, அந்தத் துங்குஸ்கா இந்தத் துங்கஸ்தான்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் என்ன? கமெண்ட்டில் போடுங்கள், சண்டை மட்டும் வேண்டாம்.