உடன்படிக்கைகளின் கடைசிப் பக்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாடுகளின் தலைவர்கள் வரிசையாக அமர்ந்து கையொப்பமிடும் காட்சியும், 'வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு' என்ற தலைப்பும் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. ஓராண்டு கழித்து அந்த உடன்பாடு என்னவாயிற்று என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. போர், வணிகம், கடல், விண்வெளி, காலநிலை, குழந்தைகளின் உரிமை, தபால், எடை, அளவு என்று பன்னாட்டு உடன்படிக்கைகள் தொடாத துறை அரிது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் காப்பாளராக, அதாவது மூல ஆவணத்தையும் நாடுகளின் ஏற்புகளையும் பெற்றுப் பாதுகாப்பவராக, இருக்கும் பலதரப்பு உடன்படிக்கைகள் மட்டுமே 500-க்கும் மேற்பட்டவை. இவற்றில் எது செயல்படக்கூடியது, எது தாளோடு நின்றுவிடும் என்று ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும் என்பது என் கருத்து. அதற்கு முகவுரையைப் புரட்டிவிட்டு, ஆவணத்தின் பின்பகுதிக்குச் செல்ல வேண்டும். எத்தனை நாடுகள் ஏற்றால் அது நடைமுறைக்கு வரும், செலவை யார் ஏற்பார்கள், யார் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும், விலக்குக் கேட்க முடியுமா, விலகிச் செல்ல முடியுமா என்பனவெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பந்தம், சாசனம், உடன்படிக்கை, நெறிமுறை என்று பெயர்கள் பல இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பெயருக்கு அதிக மதிப்பில்லை. உடன்படிக்கைகளுக்கென்றே 1969-இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கை ஒன்று உண்டு. பன்னாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நாடுகள் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடு எந்தப் பெயரில் இருந்தாலும் அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்பதும், அதை நல்லெண்ணத்துடன் நிறைவேற்ற வேண்டும் என்பதும் அதன் அடிப்படை விதிகள். விதிகளுக்கெல்லாம் விதி சொன்ன அந்த ஆவணமே நடைமுறைக்கு வர 1980 வரை காத்திருக்க நேர்ந்தது. கையொப்பம் என்பது பெரும்பாலும் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு அந்தந்த நாடு தன் அரசியலமைப்பு முறைப்படி அதை ஏற்று, ஏற்புறுதி ஆவணத்தைக் காப்பாளரிடம் ஒப்படைத்தால்தான் முழுக் கடப்பாடு பிறக்கிறது. பிரகடனங்களுக்கு இத்தகைய கடப்பாடு கிடையாது. அவை நாடுகள் கூடி வெளியிடும் நோக்க அறிவிப்புகள்.

இப்படிச் சொன்னதும், உடன்படிக்கை வலியது, பிரகடனம் வலுவற்றது என்ற முடிவுக்கு வரத் தோன்றும். வரலாறு அவ்வளவு நேராக நடந்துகொள்ளவில்லை.

1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 நாடுகள் கெல்லாக்–பிரியான் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அரசுக் கொள்கையின் கருவியாகப் போரைக் கையாள்வதைக் கைவிடுகிறோம், பூசல்களை அமைதி வழியிலேயே தீர்த்துக்கொள்வோம் என்ற இரண்டே உறுதிமொழிகள் அதில் இருந்தன. மூன்றாவது பிரிவு ஏற்புறுதி முறையைப் பற்றியது. சட்டப்படி அது முழுமையாகக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. ஆனால் மீறினால் யார் விசாரிப்பது என்று அதில் இல்லை. கூடிப் பேச ஒரு மன்றம் இல்லை. எது தற்காப்பு, எது ஆக்கிரமிப்பு என்று பிரித்துக் காட்டும் வரையறையும் இல்லை. 1931-இல், அதில் கையொப்பமிட்ட ஜப்பானின் படைகள் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன. எட்டு ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், ஆக்கிரமிப்புப் போர் சட்டவிரோதமாகிவிட்டிருந்தது என்பதற்கு இதே உடன்படிக்கையைச் சான்றாகக் காட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். போரைத் தடுக்க உதவாதது, போர் தொடுத்தவர்களைத் தண்டிக்க உதவியது.

இதற்கு நேர்மாறானது 1975 ஆகஸ்ட் 1 அன்று ஹெல்சிங்கியில் 35 நாடுகள் கையொப்பமிட்ட இறுதி ஆவணம். இது ஐக்கிய நாடுகள் சபையில் உடன்படிக்கையாகப் பதிவுசெய்யத் தக்கதன்று என்று அந்த ஆவணமே தெளிவாகக் கூறிவிட்டது. சோவியத் ஒன்றியம் அதை விரும்பியதற்குக் காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பிய எல்லைகளுக்கு அது தந்த ஏற்பு. அந்த ஏற்புக்கு ஈடாக, மனித உரிமைகளையும் சிந்தனைச் சுதந்திரத்தையும் மதிப்பதாக ஒரு கோட்பாட்டுக்கு அது தலையசைத்தது. கட்டுப்படுத்தாத வாசகம்தானே என்ற எண்ணம் அதற்கு இருந்திருக்கலாம். ஆவணத்தின் முழு வாசகமும் சோவியத் நாளேடுகளில் வெளியாயிற்று. மறு ஆண்டே யூரி ஓர்லோவ் தலைமையில் மாஸ்கோவில் ஒரு குழு அமைந்து, தங்கள் அரசு அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று பதிவுசெய்யத் தொடங்கியது. 1977 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் மனித உரிமைகளை மதிக்கக் கோரும் 'சாசனம் 77' என்ற அறிக்கை வெளிவந்தபோது அதுவும் ஹெல்சிங்கியை மேற்கோள் காட்டியது. இந்தக் குழுக்களின் உறுப்பினர்கள் பலர் சிறைக்குச் சென்றார்கள். ஆனால் ஹெல்சிங்கி ஆவணத்தின் பிற்பகுதியில், நாடுகள் மீண்டும் கூடி நிறைவேற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்ற ஓர் ஏற்பாடு இருந்தது. 1977-இல் பெல்கிரேடில் அப்படிக் கூடியபோது கைதுகளைப் பற்றிய கேள்விகளை அங்கேயே எழுப்ப முடிந்தது. கட்டுப்படுத்தாத ஓர் ஆவணத்தை உயிரோடு வைத்தது அந்தத் தொடர் கூட்டங்கள்தான்.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனமும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆதரவாக 48 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை, 8 நாடுகள் நடுநிலை வகித்தன. அதன் 30 பிரிவுகளைச் சட்டக் கடப்பாடுகளாக மாற்றும் இரு உடன்படிக்கைகள் 1966-இல்தான் நிறைவேறின. நடைமுறைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இனி, நன்றாகச் செயல்பட்ட ஓர் உடன்படிக்கையைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வியன்னாவில் ஓசோனைக் காப்பதற்கான ஒரு பொதுச் சட்டக உடன்படிக்கை உருவாயிற்று. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறை பிறந்தது. தொடக்கத்தில் அது கேட்டது மிகையானதன்று: நூற்றாண்டின் இறுதிக்குள் இந்த வேதிப்பொருள்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே. அறிவியலாளர்களுக்கு அது போதாது என்று தெரிந்தே இருந்தது.

நெறிமுறையின் பலம் வேறு மூன்று இடங்களில் ஒளிந்திருந்தது. முதலாவது, அதில் சேராத நாடுகளோடு இந்தப் பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற விதி. வெளியே நின்று லாபம் பார்க்கலாம் என்று எண்ணியவர்களுக்குச் சந்தையே அடைபட்டது. இரண்டாவது, வளரும் நாடுகளுக்கான அவகாசமும் நிதியும். வளரும் நாடுகளில் நபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 0.3 கிலோகிராமுக்கும் குறைவாகப் பயன்படுத்துபவற்றுக்குப் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அவகாசம் மட்டும் போதாது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் வாதிட்டன. 1990-இல் லண்டனில் பலதரப்பு நிதியம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் உள்ளே வந்தன. மூன்றாவது ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள பொருளுக்கான கெடுவை முன்னே நகர்த்த விரும்பினால், ஒவ்வொரு நாடும் மறுபடி ஏற்புறுதி அளிக்கத் தேவையில்லை. உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுத்தால் அது அனைவரையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் பாதியாகக் குறைப்பது என்பது 1990-இல் முற்றாக நிறுத்துவது என்றாயிற்று. 1992-இல் வளர்ந்த நாடுகளுக்கான கெடு 1996-க்கு இழுக்கப்பட்டது. அறிவியல் நகர்ந்தபோது உடன்படிக்கையும் கூடவே நகர முடிந்தது. இன்று உலக நாடுகள் அனைத்தும் அதன் உறுப்பினர்கள். இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்க்டிகாவின் மேலுள்ள ஓசோன் ஏறத்தாழ 2066-இல் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கூறுகிறது.

நடைமுறைக்கு வருவதற்கான நிபந்தனை ஓர் உடன்படிக்கையின் தலையெழுத்தையே தீர்மானித்துவிடக்கூடும். 1997-இல் உருவான கண்ணிவெடித் தடை உடன்படிக்கை 40 நாடுகளின் ஏற்புறுதி போதும் என்றது. 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை என்ற குறை அதற்கு உண்டு. 1996-ஆம் ஆண்டின் முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை எதிர்வழியில் சென்றது. அணு உலை வைத்திருக்கும் 44 நாடுகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றுகூட விடுபடாமல் ஏற்க வேண்டும் என்றது. அமெரிக்காவும் சீனாவும் கையொப்பத்தோடு நின்றன; இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா கையொப்பமே இடவில்லை; ரஷ்யா 2023-இல் தன் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது. சட்டப்படி அந்த உடன்படிக்கை இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியிருந்தும் அதற்காக உலகெங்கும் நிறுவப்பட்ட கண்காணிப்பு நிலையங்கள் வேலை செய்கின்றன. வடகொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அவை பதிவுசெய்தன. அவற்றின் தரவுகள் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையங்களுக்கும் செல்கின்றன என்பது ஒரு கூடுதல் பயன்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வதும் தவறாகிவிடும். பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. ஆனால் இன்னின்ன பிரிவுகள் எங்களைக் கட்டுப்படுத்தா என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சேர்ந்தவை அவற்றில் கணிசம். அதுவும் திருமணத்திலும் குடும்பத்திலும் சமத்துவம் கோரும் 16-ஆம் பிரிவிலேயே அந்த விலக்குகள் குவிந்திருக்கின்றன. உடன்படிக்கையின் நோக்கத்துக்கே முரணான விலக்கு செல்லாது என்பது 1969-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் விதி. எது முரண் என்பதை அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் இழுபறி.

யாரும் பேசாத உடன்படிக்கைகளும் உண்டு. 1865-இல் தந்திக்கும், 1874-இல் தபாலுக்கும், 1875-இல் மீட்டர் அளவுக்கும் நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடுகள் பேரரசுகள் மறைந்த பின்னும் நிற்கின்றன. ஒரு கிலோகிராம் என்றால் என்ன என்பதை 2019-இல் மாற்றி வரையறுத்ததும் அந்த மீட்டர் உடன்படிக்கையின் கீழ்தான். மீறுவதால் யாருக்கும் ஆதாயமில்லாத இடத்தில் காவலர் தேவைப்படுவதில்லை.

2015-ஆம் ஆண்டின் பாரிஸ் காலநிலை உடன்படிக்கை இவை எல்லாவற்றிலிருந்தும் பாடம் கற்றுக்கொள்ள முயன்றது. 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறையில் வளர்ந்த நாடுகளுக்கு எண்ணிக்கையிட்ட இலக்குகள் சட்டக் கடப்பாடாக இருந்தன. அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை, கனடா விலகிற்று. எனவே பாரிஸில், எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டு, திட்டத்தை அறிவிப்பதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் கணக்குக் காட்டுவதையும் மட்டும் கட்டாயமாக்கினார்கள். ஒரே ஆவணத்துக்குள் உடன்படிக்கையும் பிரகடனமும் பிணைந்திருக்கின்றன எனலாம். இதனால் ஓராண்டுக்குள் அது நடைமுறைக்கு வந்தது. அதே நெகிழ்ச்சியால் அமெரிக்கா 2020-இல் விலகவும், 2021-இல் திரும்பவும், 2025-இல் மீண்டும் விலகல் அறிவிப்புக் கொடுக்கவும் முடிந்தது. மான்ட்ரியலில் இருந்த வணிகத் தடை போன்ற எதுவும் இங்கே இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் சில தொழிற்சாலைகளின் சரக்கல்ல, முழுப் பொருளாதாரங்களின் எரிபொருள் என்பதால் அத்தகைய விதி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கவும் முடியாது.

கடைசியாக, மிக அண்மையில் உயிர்பெற்ற ஒன்று. எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஆழ்கடல் பகுதி பெருங்கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. அங்குள்ள உயிரினங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை 2023-இல் நிறைவேறி, 60 ஏற்புறுதிகள் என்ற நிபந்தனை 2025 செப்டம்பரில் பூர்த்தியாகி, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பின்பகுதியைப் படித்தால் நம்பிக்கையும் ஐயமும் ஒருசேர எழுகின்றன. ஒருமித்த கருத்து எட்டப்படாவிட்டால், நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் காப்புப் பகுதிகளை அறிவிக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஒரு நாடு முரண்டுபிடித்து எல்லாவற்றையும் முடக்கும் நிலைக்கு இது மாற்று. அதே வேளையில், எதிர்க்கும் நாடு 120 நாள்களுக்குள் உரிய காரணம் காட்டி மறுப்புத் தெரிவித்தால் அம்முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. மீன்பிடியை ஏற்கெனவே ஒழுங்குபடுத்தும் வட்டார அமைப்புகளின் அதிகாரத்தை இந்த உடன்படிக்கை குலைக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. எனவே ஓரிடத்தைக் காப்புப் பகுதியாக அறிவித்த பின்னும், அங்கே வலை வீசலாமா என்ற கேள்வி வேறொரு மேசைக்குப் போகக்கூடும். நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள் உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு கூட வேண்டும். தலைப்புச் செய்தியாக வராத நிதி விதிகளும் நடைமுறை விதிகளும் அந்த மாநாட்டில்தான் எழுதப்படும்.

நன்றி, வணக்கம்.